டெய்சிக்குக் காலை வெயில்

கோதண்டத்தின் உத்தியோகம் ஓர் ஆமையின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது. யுத்தகாலம். ஆவடி ராணுவ முகாமில் அவன் தற்காலிக குமாஸ்தா. அவனை நிரந்தரமாக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டிய காப்டன் ஹார்லி துரை, லீவில் பெங்களூர் போகுமுன் தம் செல்ல ஆமையை அவனிடம் ஒப்படைத்தார். டெய்சி வாடாமல் திரும்பி வந்தால் கையெழுத்து. அவ்வளவுதான் நிபந்தனை.

டெய்சி பருத்திப்பட்டு ஏரியில் பிறந்தவள். துரை எடுத்துவந்து பெயர் வைத்ததும் அந்தஸ்து வந்துவிட்டது. தினமும் காலை வெயில் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் செல்லாது, ஓட்டின்மேல் நேராக விழ வேண்டும். சூடு ஏறினால் ஒதுங்க நிழலும், முங்கத் தண்ணீரும் வேண்டும். காக்கை, பருந்து, நாய் அண்டக்கூடாது. முக்கியமாக, கூடவே ஓர் ஆள் காவல் இருக்க வேண்டும்.

வெள்ளானூரில் தன் வீட்டெதிரே, தெருக் கிணற்றடியில், கோதண்டம் கோழி மூடும் கூடையைக் கவிழ்த்தான். பாதிக்கு ஈரச்சாக்குப் போர்த்தினான். உச்சியில் ஒரு செங்கல். உள்ளே தண்ணீர்த் தட்டு.

"நம்ம ஊட்டுக் கூரைக்கு ஓலை மாத்துன்னு நானும் கேட்டுகினே கீறேன். நீ இன்னாடான்னா ஆமைக்கு பங்களா கட்டிகினு கீற" என்றாள் மனைவி வடிவு.

துரை திரும்பும் நாள். டெய்சியைக் கூடையில் வைத்த கோதண்டம், காப்பி ஆறுகிறதே என்று உள்ளே போனான். திரும்பி வந்தால் கூடை இருக்கிறது, செங்கல் இருக்கிறது, டெய்சி இல்லை. ஊருக்குப் போய் முந்தினநாள்தான் திரும்பியிருந்த எதிர்வீட்டுக் கெங்கம்மாள் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள்.

"அக்கா, இங்க இருந்த ஆமை?"

"அதுவா? நம்ம கெணத்து ஆமைய எவனோ கொழம்பு வெக்கப் புட்சி மூடி வச்சிகீறான் நைனா. பாவிப்பய! நான்தான் திரும்ப உள்ள வுட்டேன்."

அந்தத் தெருவில் கிணற்றுக்குள் ஆமை விடுவது வழக்கம். பூச்சி புழுவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கும். அது காணாமல் போனால் தெருவே தேடும். எனவே கெங்கம்மாளைக் குறைசொல்ல வழியில்லை.

கருவாடு கட்டிய கூடையைக் கயிற்றில் இறக்கினான். மேலே வந்தபோது உள்ளே இரண்டு ஆமைகள். ஒரே பருமன், ஒரே கறுப்பு, கோதண்டத்தைப் பற்றி ஒரே அபிப்பிராயம்.

"பேரைச் சொல்லிக் கூப்டு" என்றாள் வடிவு.

"டெய்சி!"

இரண்டும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டன.

குமாஸ்தா மூளை வேலை செய்தது. இரண்டையும் வெயிலில் விட்டால், பழகியவள் காலை நீட்டிக் காய்வாள். கிணற்று ஆமை இருட்டைத் தேடி ஓடும். விட்டான். இரண்டும் கழுத்தை நீட்டி, நான்கு காலையும் பரப்பி, கண்ணை மூடின.

"ஆயுசுல பாக்காத வெயிலு, சும்மா வுடுமா?" என்றாள் கெங்கம்மாள்.

வேறு வழியில்லை. உண்மையைச் சொல்லிவிடுவதென்று இரண்டையும் சைக்கிளில் கட்டி முகாமுக்குப் போனான்.

"சார், இதிலே எது..."

துரை தயங்கவே இல்லை. ஒன்றைத் தூக்கி முகத்தோடு வைத்துக்கொண்டார். "என் டெய்சியை எனக்குத் தெரியாதா? நல்ல வெயில் கொடுத்திருக்கிறாய். முகத்தில் என்ன தெளிவு!"

"ஒருவேளை அது கிணற்று..."

"எனக்கே சொல்லித் தருகிறாயா?"

கையெழுத்து விழுந்தது. மற்றது கிணற்றுக்குத் திரும்பியது.

மறுநாள் காலை கெங்கம்மாளின் குரல் தெருவை எழுப்பியது. "நைனா! வாளிய வுட்டா ஆமை தானா வந்து குந்திகினு மேல வருது! எறக்கி வுட்டா நேரா உன் கூடையாண்ட போவுது!"

நிரந்தர குமாஸ்தா கோதண்டம் கூடையைத் தூக்கி ஆமையை உள்ளே விட்டான். சாக்கை நனைத்துப் போட்டான், செங்கல்லை வைத்தான், பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான்.

"வடிவு, காப்பிய இங்க எடுத்தா!"