பத்தடி தள்ளி நடங்க

பவுனுவுக்கு நெஞ்சுவலி வந்தது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளைச் சாக்காக வைத்துக்கொண்டு இரண்டு வருடமாக அவளை உட்காரவைத்துவிட்டார்கள். குடத்தைத் தூக்கினால், "ஏ, வை கீழ!" குரலை உயர்த்தினால், "ஏ, மெதுவா!" சிரித்தால்கூட, போதும் போதும் என்று ஒரு கை வந்து முதுகைத் தடவும். மதுரை ஆஸ்பத்திரியில் அவள் ரத்தக்குழாய்க்குள் வைத்தது என்னவோ சின்னக் கம்பிச்சுருள்தான். ஆனால் அன்றிலிருந்து ஆளையே கண்ணாடியில் செய்ததுபோல நடத்தினார்கள். பவுனுவுக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

சும்மா இருந்தே பழகாதவள் அவள். சுருளிப்பட்டியில் அவர்களுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. கல்லுக்கால் ஊன்றிக் கம்பி இழுத்த நாளிலிருந்து அந்தப் பந்தல் அவள் கைப்பட வளர்ந்தது. எந்தக் கொடியை எங்கே வெட்டிக் கவாத்து செய்வது என்று அவள் சொன்ன பிறகுதான் கத்தரிக்கோலே நகரும். அந்தத் தோட்டத்தைத்தான் அவள் புருஷன் ஈஸ்வரபாண்டி குத்தகைக்கு விடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒனக்கு முடியாது பவுனு. பக்கத்துத் தோட்டத்து அம்மாவாசி கேக்குறான், குடுத்துருவோம். நீ நிம்மதியா இரு."

"எனக்கு முடியாதுன்னு யாரு சொன்னாக? டாக்டரம்மா சொன்னாகளா?"

டாக்டரம்மா அப்படிச் சொல்லவே இல்லை. தேனியில் டாக்டர் அனுசுயா அவளை மிஷினில் நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு, "தாராளமா நடங்க. நாடித்துடிப்பு மட்டும் நிமிஷத்துக்கு நூத்திமுப்பதைத் தாண்டக் கூடாது. தாண்டினா உக்காந்துருங்க, எறங்கினதும் மறுபடி நடங்க" என்றுதான் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சில் "உக்காந்துருங்க" என்ற ஒரு சொல்லை மட்டும் ஈஸ்வரபாண்டி கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மனுஷனுக்குக் காது அவ்வளவு வசதியாக வேலை செய்தது.

2009 சித்திரை பிறந்ததும் பவுனு ஒரே போடாகப் போட்டாள்.

"சித்ரா பௌர்ணமிக்கு மலை உச்சியில இருக்குற மங்கலதேவி கோயிலுக்கு ஏறப்போறேன். ஜீப்புல இல்ல, பளியங்குடிப் பாதையில நடந்து. நூத்திமுப்பதத் தாண்டுனா உக்காந்து, கொறஞ்சதும் நடந்து, உச்சிக்குப் போயிட்டா தோட்டம் என் கையில. பாதியில எறங்குனா அம்மாவாசிக்கே குடுத்துருங்க. நான் வாயத் தெறக்க மாட்டேன்."

ஈஸ்வரபாண்டி இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். ஆறு கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. இவள் எங்கே ஏறப்போகிறாள் என்ற நம்பிக்கைதான்.

மணிக்கட்டில் விரல் வைத்து நாடி எண்ணுவதற்கு டாக்டரம்மா சொல்லிக்கொடுத்திருந்தார். ஆனால் மேட்டில் ஏறுகிறபோது மூச்சை எண்ணுவதா, நாடியை எண்ணுவதா, காலடியைப் பார்ப்பதா? நடந்துகொண்டே துடிப்பைக் காட்டும் கடிகாரம் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு, இருவரும் தேனிக்குப் பஸ் ஏறினார்கள்.

சூரியபிரகாஷின் விளையாட்டுச் சாமான் கடையில் கிரிக்கெட் மட்டைகளுக்குப் பின்னாலிருந்து மூன்று பெட்டிகள் வெளியே வந்தன. முதலாவது, வெறும் கடிகாரம். நின்று, இரண்டு விரலை அதன் மேல் வைத்தால் எண்ணைக் காட்டும்.

"பந்தலுக்கு மேல ரெண்டு கையும் இருக்கும் தம்பி. நின்னு நின்னு தொட்டுக்கிட்டு இருந்தா வேலை ஆகுமா? வேணாம்" என்றாள் பவுனு.

இரண்டாவதில் கடிகாரத்தோடு ஒரு பெல்ட்டும் இருந்தது. பெல்ட் துடிப்பைப் பிடித்துக் கடிகாரத்துக்கு அனுப்பும். துடிப்பு எல்லை தாண்டினால் கடிகாரம் கத்தும். மூன்றாவதும் அதே மாதிரிதான், ஆனால் விலை கூட.

"என்ன வித்தியாசம்?"

"ரெண்டு பேரு பெல்ட் கட்டிக்கிட்டுப் பக்கத்துல பக்கத்துல நடந்தா, சாதா மாடல்ல ஒருத்தர் துடிப்பு இன்னொருத்தர் கடிகாரத்துல விழுந்துரும்க்கா. இந்த மாடல்ல அப்படிக் கலக்காது."

ஈஸ்வரபாண்டி விழுந்து விழுந்து சிரித்தார். "கூடலூர்லருந்து கடமலைக்குண்டு வரைக்கும் தேடுனாலும் இதக் கட்டிக்கிட்டு இன்னொருத்தன் வரமாட்டான்டா! சாதாவே போதும்."

பவுனுவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பெல்ட்டை எங்கே கட்டுவது என்று கேட்டபோது சூரியபிரகாஷ் கூச்சத்தில் நெளிந்து, தன் சட்டை மேல் எங்கோ பொதுவாகக் காட்டினான். இவள் வீட்டுக்கு வந்து ஒட்டியாணம் மாதிரி சேலைக்கு மேல் இடுப்பில் கட்டினாள். கடிகாரம் பூஜ்யம் காட்டியது. "செத்தேபோயிட்டேன்!" என்று சிரித்தவள், உடனே அந்தப் பையனுக்குப் போன் போட்டு அதட்டிக் கேட்டாள். ரவிக்கைக்கு உள்ளே, நெஞ்சோடு ஒட்டி, தண்ணீர் தொட்டு ஈரமாகக் கட்ட வேண்டுமாம். கட்டினாள். எழுபத்தெட்டு! தன் நெஞ்சு தன்னோடு பேசியதுபோல அவளுக்குப் புல்லரித்தது.

மறுநாளிலிருந்து வாய்க்கால் கரையில் தனியாக நடை. கொடி கட்டும்போது நூற்று நான்கு, மோட்டார் ரூம் படி ஏறினால் நூற்று இருபது. எந்த வேலைக்கு எத்தனை என்று அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. பயம் என்பது தெரியாத இடத்தில்தானே வரும்? தெரிந்த பிறகு அது போன இடமே தெரியவில்லை. இதற்கு நடுவில் ஈஸ்வரபாண்டி உரம் வாங்குவதாகச் சொல்லி ஒருநாள் தேனிக்குப் போய், உரம் இல்லாமல் திரும்பி வந்தார். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பௌர்ணமியன்று விடிகாலையில் மலையடிவாரத்துப் பளியங்குடியில் நல்ல கூட்டம். ஈஸ்வரபாண்டி முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டு வரை பொத்தான் மாட்டியிருந்தார்.

"சித்திரை வெயில்ல என்னங்க இது, மாப்பிள்ளைக் கோலம்?"

"முள்ளு கீறும். நீ கையக் குடு. நம்பர நாந்தான் பாப்பேன்." கடிகாரம் கட்டிய அவளுடைய இடது கையைப் பிடித்துத் தன் மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார்.

முதல் மேட்டிலேயே கடிகாரம் கத்தியது. நூற்று முப்பத்தைந்து. உட்கார்ந்தார்கள். எண் இறங்கியதும் எழுந்து நடந்தார்கள். இரண்டாவது மேட்டில் நூற்று நாற்பத்தெட்டு. மறுபடி உட்கார்ந்தார்கள். மூன்றாவது மேட்டில் நூற்று அறுபத்திரண்டு! பவுனுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூச்சு வாங்கவில்லை, நெஞ்சு கனக்கவில்லை, குலவை போடச் சொன்னால் போடுவாள். ஆனால் கடிகாரம் காட்டுக்கத்தல் கத்துகிறது. போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று, "எதுக்கும்மா இந்த வீண் வேலை?" என்று ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள்.

"போதும் பவுனு," என்றார் ஈஸ்வரபாண்டி, வியர்த்து வழிய. "எறங்கிருவோம்."

அவ்வளவுதானா? கொத்துக் கொத்தாய்த் தொங்கும் பந்தல் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அதை அம்மாவாசி கத்தரிப்பான். தப்பும் தவறுமாகக் கத்தரிப்பான். கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுகையை இவர் பார்க்கக் கூடாது என்று கையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, மேலே தண்ணீர் டிரம் இருந்த இடத்துக்கு விறுவிறுவென்று ஏறினாள். முகத்தைக் கழுவிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

நூற்றுப் பதினொன்று.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். நூற்று ஒன்பது. மேடு ஏறிய பிறகு துடிப்பு குறையுமா? அதற்குள் ஈஸ்வரபாண்டி தட்டுத் தடுமாறி வந்து அவள் கையைப் பிடித்தார். நூற்று அறுபத்தைந்து. கையை விடுவித்துப் பத்தடி தள்ளிப் போனாள். நூற்றுப் பத்து.

சூரியபிரகாஷ் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. புருஷனை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தாள். நேராகப் போய் அவர் கைப்பொத்தானைக் கழற்றிச் சட்டையைச் சுருட்டினாள். முழங்கைக்குக் கீழே அவள் கட்டியிருந்தது மாதிரியே ஒரு கடிகாரம்; சட்டைக்குள் நெஞ்சில் ஒரு பெல்ட். இரண்டிலும் ஒரே எண், நூற்று அறுபத்தாறு. அவர் மணிக்கட்டில் விரலை வைத்தாள். நாடி தறிகெட்டு ஓடியது.

"இவ்வளவு நேரம் கத்துனது யாரு நெஞ்சுங்க?"

ஈஸ்வரபாண்டி பாறையில் உட்கார்ந்துவிட்டார். "தை மாசத்துலருந்தே முடியல பவுனு. மருந்துப் பம்பத் தூக்கி நாலு வரிசை அடிச்சா மூச்சு முட்டுது. எத்தன துடிக்குதுன்னு பாக்கத்தான் உரம்னு சொல்லிப் போயி இத வாங்கியாந்தேன். நீ ஏற்கெனவே விழுந்தவ. நானும் விழுந்துருவேன் போலருக்குன்னு எப்படிச் சொல்லுவேன்? அதான் தோட்டத்த விட்டுருவோம்னு…"

"அதான் ஒங்க பயத்தத் தூக்கி என் தலையில கட்டிட்டீக!" அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. "பவுனுக்கு முடியல, பவுனுக்கு முடியலன்னு ஊரு பூராம் சொன்னீகளே! ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கப்படாதா?" கேட்டு முடிப்பதற்குள் ஆத்திரம் போய்ப் பயம் வந்துவிட்டது. தோளில் அவர் கையைப் போட்டுக்கொண்டு, கொஞ்ச தூரத்தில் இருந்த மருத்துவ முகாமுக்குக் கூட்டிப்போனாள். இரண்டு வருடமாகக் குடம் தூக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவள்!

முகாம் டாக்டர் பரிசோதித்துவிட்டு, பிரஷர் ஏறிக் கிடக்கிறது, இப்போதைக்கு ஆபத்தில்லை, ஆனால் மேலே போகக் கூடாது என்றார். படுக்கவைத்து மாத்திரை கொடுத்தார்கள். எண் தொண்ணூறுக்கு இறங்கும்வரை பவுனு நகரவில்லை. இறங்கிய பிறகும் நகரவில்லை.

"நீ ஏறு பவுனு" என்றார் ஈஸ்வரபாண்டி. "எங்கிட்ட டாக்டர் இருக்காக. ஒங்கிட்டக் கடிகாரம் இருக்கு. விட்டுராத."

அவள் ஏறினாள். ஏறினாள் என்றால் எப்படி! நூற்று இருபத்தெட்டு வந்தால் நின்றாள், நூற்றுப் பத்து வந்தால் நடந்தாள். முந்திக்கொண்டு ஓடிய இளவட்டங்கள் எல்லாம் பாதை ஓரத்தில் மல்லாந்து கிடக்க, இவள் ஒரே சீராகத் தாண்டிப் போனாள். வழிநெடுக ஒரு தடவைகூடக் கடிகாரம் கத்தவில்லை. உச்சியில் கோயில் கல்லைத் தொட்டபோது நூற்று இருபத்தொன்று. கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் பச்சை. அதில் தன் பந்தல் எது என்று தெரியாவிட்டாலும் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டு, இரண்டு வருடமாக உள்ளே கிடந்த குலவையை எல்லாம் சேர்த்து ஒன்றாகப் போட்டாள். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

சாயங்காலம் அவள் பளியங்குடிக்கு இறங்கி வந்தபோது, முகாம் ஆட்கள் மெதுவாகக் கூட்டிவந்து விட்டிருந்த ஈஸ்வரபாண்டி இளநீரோடு காத்திருந்தார்.

"உச்சியில எத்தன?"

"நூத்தி இருவத்தொண்ணு."

அவர் இடுப்பிலிருந்து தோட்டத்து மோட்டார் ரூம் சாவியை அவிழ்த்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அதே நேரம் பார்த்து அவருடைய செல்போன் அடித்தது. அம்மாவாசிதான். பவுனு போனை வாங்கினாள்.

"தோட்டம் குத்தகைக்கு இல்லண்ணே. மருந்தடிக்க ஆளு வேணும், வர்றீகளா?"

மறுமுனையில் போன் பட்டென்று அணைந்தது. ஈஸ்வரபாண்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பவுனு சிரிக்கவில்லை. "நாளைக்குத் தேனி. டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் ஒங்க வாயாலயே சொல்லணும்" என்றாள் அவள். மாட்டேன் என்று சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை.

பஸ்ஸுக்கு நடந்தபோது பழக்கதோஷத்தில் அவர் கை அவளுடைய இடது கையைத் தேடி வந்தது. பவுனு சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"பத்தடி தள்ளி நடங்க. என் நெஞ்சு எனக்குத் தெரியணும்."

ஈஸ்வரபாண்டி பத்தடி பின்தங்கி, கூட்டத்தில் அவள் தலையைத் தவறவிடாமல் பார்த்துக்கொண்டே நடந்தார். அவள் திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுத்தாள்.

"எத்தன?"

"தொண்ணூத்தி நாலு!"

"மெதுவாவே வாங்க. நான் முன்னாடி போறேன்."