வெளியே சாப்பிட்டது

பிரசவ வலியில் கிடந்த எழில் முதல் முறை வாந்தி எடுத்த சாம்பார் சாதம் அவள் சாப்பிட்டது அல்ல. வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அவளுடைய மாமியார் அம்மணி சாப்பிட்டது. முருங்கை விதை, கேரட் துண்டு எல்லாம் அப்படியே இருந்தன. வாந்திக்குப் பேசின் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸ் ஜான்சி சிஸ்டர் அதைப் பார்த்தார், எழிலின் வாயைத் துடைத்துவிட்டார், கதவைத் திறந்து வெளியே தலையை நீட்டி, "சாம்பார் சாதம் யாரு சாப்ட்டது?" என்று கேட்டார். பெஞ்சில் வேறு யாரும் இல்லை. அம்மணி டிபன் டப்பாவை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, தனக்குச் சுகர் என்றும், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும் என்றும், ரெண்டே ரெண்டு வாய்தான் என்றும் சொன்னாள். உள்ளே பேசினில் இருந்தது ரெண்டு வாய் இல்லை.

தாம்பரத்துக்குப் பக்கத்து முடிச்சூரில் இது புதிதல்ல. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, நெல் விளைந்த நிலத்தை பிளாட் போட்டு விற்றபோது வாங்கிக் கட்டிய இரண்டு மாடி நர்சிங் ஹோம் அது. 2015 வெள்ளத்தில் அதன் பிரசவக் கட்டில் ஜன்னல் வரைக்கும் மிதந்து எழும்பியது. தண்ணீர் வடிந்து, சேற்றை வாரிக் கொட்டி, வெள்ளையடித்துத் திறந்த நாளிலிருந்து, உள்ளே ஒருத்திக்கு வலி கண்டுவிட்டால் அவளுடைய சொந்தக்காரர்கள் எந்த ஊரில் உட்கார்ந்து எதைச் சாப்பிட்டாலும் அது அவள் வயிற்றுக்கும் போய்ச் சேர்ந்தது. சாப்பிட்டவர் வயிறும் நிறையும், இவள் வயிறும் நிறையும். ஒருத்திக்கு அவள் அப்பா திருச்சியில் சாப்பிட்ட கல்யாணச் சாப்பாடு பாயசத்தோடு வந்து சேர்ந்திருக்கிறது. ரத்த சொந்தத்துக்கும் தாலி சொந்தத்துக்கும்தான் இந்தத் தொல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன வேண்டுமானாலும் சாப்பிடலாம், ஒன்றும் ஆகாது. வீட்டுக்குள் படகு வந்ததற்கே பழகிவிட்ட ஜனங்களுக்கு இதற்குப் பழக எத்தனை நாள் ஆகும்? அடுத்து வந்த பொங்கலுக்குள் பழகிவிட்டார்கள்.

டாக்டர் ஜஹானாரா முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினார். பிறகு அதற்கு ஒரு விதி செய்தார். குழந்தை பிறக்கும் வரைக்கும் குடும்பத்தில் எல்லோரும் தண்ணீர் குடிக்கலாம், பால் இல்லாத டீ குடிக்கலாம், வேறு எதையும் வாயில் வைக்கக் கூடாது. சுகர்காரர்களுக்கு மட்டும் சர்க்கரைத் தண்ணீரும் வடித்த கஞ்சியும். வலி நேரத்தில் வாந்தி வருவது சகஜம், அதற்காக யாரும் பயப்பட வேண்டாம். பயமெல்லாம் திடீரென்று ஆபரேஷன் தேவைப்பட்டு முழு மயக்கம் கொடுக்கும்போதுதான், அப்போது வயிற்றில் சோறு இருந்தால் அது மேலே ஏறி மூச்சுக்குழலில் இறங்கிவிடும் என்று அவர் ஒவ்வொரு குடும்பத்தையும் நிற்கவைத்துச் சொல்வார். ஜனங்கள் தலையாட்டுவார்கள். ஹெல்மெட் சட்டத்துக்கு எப்படித் தலையாட்டினார்களோ அப்படி.

எழிலுக்கு வாந்தியைப் பற்றிய பயம் அன்றைக்கு வந்ததல்ல. கர்ப்பம் உறுதியான வாரத்திலிருந்தே அவள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. தாம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள், பில் மெஷினுக்குக் கீழே பிளாஸ்டிக் கவர் வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். இட்லி தங்கவில்லை, மாதுளை தங்கவில்லை, திருநீர்மலையிலிருந்து வந்த பிரசாதப் புளியோதரைகூடத் தங்கவில்லை. தங்கியது ஒன்றே ஒன்றுதான்: தாம்பரம் ஸ்டேஷன் மேற்கே தள்ளுவண்டியில் விற்கும் பன்னீர் சோடா. அவள் புருஷன் உதயா வாடகைக் கார் ஓட்டுகிறவன். எங்கே சவாரி போனாலும் திரும்பும்போது ஒரு பாட்டில் வாங்கி, சில்லென்று இருக்க ஈரத் துணி சுற்றிக் கொண்டுவருவான். அவள் வாசற்படியில் உட்கார்ந்து அதைச் சொட்டு விடாமல் குடித்துவிட்டு, "வலி எடுத்தப்பவும் இப்டியே குமட்னா இன்னா பண்றது?" என்று கேட்பாள். அவன் காலி பாட்டிலை வாங்கிக்கொண்டு எழுந்துபோவான்.

போகிப் புகை அடங்குவதற்கு முன்னால் அவளுக்கு இடுப்பு வலித்தது. உதயா அதற்கும் முன்னாலேயே விழுப்புரம் சவாரிக்குக் கிளம்பிப் போயிருந்தான். அம்மணி வழக்கப்படி சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். சூட்டு வலியாக இருந்தால் கஷாயத்துக்கு அடங்கிவிடும், பிரசவ வலியாக இருந்தால் கூடும். கூடியது. அப்படியானால் கிளம்புவதற்கு முன்னால் நாலு இட்லியாவது உள்ளே தள்ளிவிட வேண்டும் என்று அம்மணி தட்டோடு வந்தாள், ஏனென்றால் ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டால் பட்டினிதான், தள்ளிப் பெற தெம்பு வேண்டாமா? அந்த வட்டாரத்தில் பாதிப் பெண்கள் இப்படி வீட்டிலேயே தின்றுவிட்டு வந்து, சிஸ்டர் கேட்டால் ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொல்கிறவர்கள்தான். எழில் தட்டைத் தள்ளிவிட்டாள். காலி வயிற்றோடு போய், காலி என்று உண்மையைச் சொன்னாள். அன்றைக்கு அந்தக் குடும்பத்தில் பொய்யே பேசாதவள் அவள் ஒருத்திதான்.

சாம்பார் சாதத்துக்குப் பிறகு எழில் சோர்ந்துவிட்டாள். டாக்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார், ஆனால் தொண்டையில் பட்டாலே குமட்டியது. ஜான்சி சிஸ்டர் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தார், அதுவும் பிடிக்கவில்லை. மத்தியானம் வெயில் ஏறியபோது வெளியே இருந்த அம்மணி தாகம் தாங்காமல் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். உள்ளே எழில் கண்ணைத் திறந்தாள். "அத்த தண்ணி குடிக்கிறாங்க சிஸ்டர். நல்லா கீது" என்றாள். தொண்டை வழியாக வராததால் குமட்டவில்லை. டாக்டர் ஜஹானாரா சற்று யோசித்துவிட்டு, வெளியே வந்து அம்மணியிடம், கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் ஒரே ஒரு மடக்கு குடித்துக்கொண்டே இருக்கும்படி சொன்னார். அம்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. மருமகளுக்கு வாழ்க்கையில் தன் கையால் கொடுத்த எதுவும் அவளுக்குப் பிடித்ததில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தவள், அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் பெஞ்சை விட்டு அசையாமல் மருமகளுக்காகத் தண்ணீர் குடித்தாள்.

அந்தத் தெம்பில்தான் எழில் கேட்டாள். உதயா வந்ததும் ஒரு பன்னீர் சோடா குடிக்கச் சொல்ல வேண்டும், ஒரே ஒரு பாட்டில். டாக்டர் சிரித்துவிட்டு, சோடாவில் வாயு போனபின் மெதுவாகக் குடித்தால் சரிதான் என்றார். அம்மணி போன் போட்டாள். "டேய், ஒரு சோடா வாங்கினு வாடா. இங்க வந்து, கேஸ் போனப்புறம் மெதுவா குடிக்கணும், அவளுக்கு வேணுமாம். வேற ஒண்ணும் வாயில வெச்சிடாத, சொல்ட்டேன்."

உதயா பெருங்களத்தூரில் நின்றுகொண்டிருந்தான். நின்றுகொண்டிருந்தான் என்பதுதான் சரி, ஏனென்றால் பொங்கலுக்கு ஊருக்குப் போகிற கூட்டம் மூட்டை முடிச்சோடு ரோட்டுக்கே வந்துவிட்டதால் விழுப்புரத்திலிருந்து வரும் ஜிஎஸ்டி ரோட்டில் இரண்டு பக்கமும் வண்டி நகரவில்லை. கூட வந்தவன் காலேப், அவனும் டிரைவர், பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகம். இருவரும் விடிகாலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. காலேப் காரை ஓரம் கட்டச் சொன்னான். தள்ளுவண்டியில் சோடா கிடைத்தது. பக்கத்திலேயே அண்டாவைத் திறந்தார்கள், பிரியாணி. "இன்னா மச்சான் யோசிக்கிற? உள்ள பூட்டா நாளைக்கித்தான் சோறு. ரெண்டு வாய் போட்டுக்கோ, எப்டியும் வண்டி நவுராது" என்றான் காலேப். உதயாவுக்கு விதி தெரியும். ஆனால் வலி இன்னும் ரொம்ப நேரம் போகும் என்று அம்மா சொல்லியிருந்தாள், அதற்குள் ஜீரணமாகிவிடும் என்று நினைத்தான். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். அவனுக்கு ஒன்றுதான் பறந்தது, அது போதுமாக இருந்தது. கத்திரிக்காய் தொக்கோடு ஒரு தட்டைக் காலி பண்ணினான்.

அந்த நேரத்தில் எழில், "கத்திரிக்கா வாசன வருது, வயிறு கனமா கீது" என்றாள். சிஸ்டர் அம்மணியைப் பார்த்தார். அம்மணி கர்த்தர் மேலும் ரங்கநாதர் மேலும் சேர்த்துச் சத்தியம் பண்ணினாள், தண்ணீரைத் தவிர எதுவும் தொடவில்லை என்று. அது உண்மைதான். குழந்தை கீழே இறங்குகிறபோது வயிறு கனக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் குழந்தையின் இதயத் துடிப்பு குறைய ஆரம்பித்ததால் யாருக்கும் கத்திரிக்காய் ஞாபகம் இல்லை.

உதயா உள்ளே ஓடிவந்தபோது அவளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றியிருந்தார்கள். முதுகில் போட்ட ஊசி பிடிக்கவில்லை, முழு மயக்கம்தான் கொடுக்க வேண்டும், நேரமில்லை. டாக்டர் ஜஹானாரா வழியை மறித்து நின்று, எல்லோரிடமும் கேட்பதை அவனிடமும் கேட்டார். கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள்? ஆபரேஷன் என்று அம்மணி வழியிலேயே போனில் சொல்லியிருந்ததால், அவன் காரிலிருந்து இறங்கும்போதே காலேப் சொல்லி அனுப்பியிருந்தான்: "சாப்ட்டேன்னு மட்டும் சொல்லிடாத மச்சான். ஆப்ரேஷன தள்ளி வெச்சிடுவாங்க, இல்லாங்காட்டி வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்க. இந்த டிராபிக்ல எங்கடா தூக்கினு போவ?" உதயாவின் கண்ணுக்கு முன்னால் அசையாத ஜிஎஸ்டி ரோடு வந்து நின்றது. அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். "காலைல டீ குடிச்சேன் மேடம். வேற ஒண்ணும் இல்ல" என்றான்.

ஸ்ட்ரெச்சர் அவனைக் கடக்கும்போது எழில் அவன் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். குடிக்க இப்போது நேரமில்லை என்று அவளுக்கும் புரிந்தது. "சாப்ட்டியா?" என்று கேட்டாள். தினமும் ராத்திரி கேட்பதுதான். "இல்ல. நீ வந்தப்புறம் சாப்ட்டுக்கலாம்" என்றான் உதயா. அவள் தெரிந்துதான் கேட்டாளா என்று அவன் இன்றைக்கும் யோசிக்கிறான்.

குழந்தையை எடுத்துவிட்டார்கள், பெண், நன்றாக அழுதது. பெருங்களத்தூர் பிரியாணி மயக்கத்தில் மேலே ஏறி எழிலின் நுரையீரலுக்குள் இறங்கியது. இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டாக்டர் ஜஹானாரா வெளியே வந்து உதயாவுக்கு முன்னால் நின்றார். கோபத்தில் கத்துவார் என்றுதான் அங்கிருந்தவர்கள் நினைத்தார்கள். "சொல்லியிருந்தா வயித்துல இருந்தத ட்யூப் போட்டு எடுத்திருப்பேனே உதயா. சின்ன வேலைதானே" என்றார். அதைச் சொல்லிவிட்டு அவரும் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதார். ஒரு பொய் சொன்னதற்காக உதயாவைத் திட்டியவர்கள் முடிச்சூரில் நிறையப் பேர். அவர்களில் பாதிப் பேர் அதே கேள்விக்கு அதே பதிலைச் சொன்னவர்கள். அவர்கள் வீட்டில் ஒன்றும் ஆகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

உடம்பைக் கொடுக்கும் வரைக்கும் காத்திருந்தபோது சோடா பாட்டில் உதயாவின் கையிலேயே இருந்தது. சூடாகிவிட்டிருந்தது. அவன் அதை உடைத்து, வாயு போகும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவள் கேட்டபடியே மெதுவாகக் குடித்தான். உள்ளே ஜான்சி சிஸ்டர் பழக்க தோஷத்தில் பேசினை எடுத்து எழிலின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் வரவில்லை. பேசினைக் கழுவாமலேயே எடுத்த இடத்தில் வைத்தார்.

அதற்குப் பிறகு நர்சிங் ஹோமில் டாக்டர் கேட்கும் கேள்வி மாறவில்லை, கேட்கும்போது கூடவே ட்யூபைக் கையில் எடுத்துக் காட்டுகிறார். சிலர் உண்மையைச் சொல்கிறார்கள். காலேப் பொங்கல் சமயத்தில் வண்டி எடுப்பதில்லை. அம்மணி பெஞ்சில் உட்கார்ந்து குடித்த அந்த பாட்டிலில்தான் இன்னும் தண்ணீர் குடிக்கிறாள், ஒவ்வொரு மடக்காக. உதயா சாயங்காலமானால் எங்கே சவாரி இருந்தாலும் தாம்பரம் மேற்குக்கு வந்து ஒரு பன்னீர் சோடா வாங்கி, ஈரத் துணி சுற்றி எடுத்துக்கொண்டு, நர்சிங் ஹோம் பெஞ்சில் உட்கார்ந்து குடிக்கிறான். வாட்ச்மேன் அவனுக்கு இடம் பிடித்து வைக்கிறார். உள்ளே யாருக்காவது வலி இருந்தால் ஜான்சி சிஸ்டர் பேசினை முகர்ந்து பார்க்கிறார். அதில் ஒருநாளும் பன்னீர் வாசனை வந்ததில்லை.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். லீவு நாளில் அவளும் அப்பாவோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டில் காலியாகும் வரை பார்த்துக்கொண்டிருப்பாள். போன ஞாயிற்றுக்கிழமை கூட வந்திருந்த அம்மணியிடம், "ஆயா, சோடா அம்மாக்குப் போச்சா?" என்று கேட்டாள்.

அம்மணி பிரசவ அறைக் கதவைப் பார்த்தாள், பிறகு காலி பாட்டிலைப் பார்த்தாள்.

"திரும்பி வரலியேம்மா. போயிருக்கும்" என்றாள்.