ரஜனி வீட்டில் ரொறன்ரோ

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் இருக்கும் ரஜனி சீரியல் பார்ப்பதை விட்டு ஏறக்குறைய ஒரு வருசம். திருந்திவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதைவிடத் திறமான ஒன்று கையில் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

கனடாவில் இருக்கும் தம்பி கிருபாகரனின் பழைய லப்டொப் அது. "ஆரோ தெரிஞ்ச ஆள் கொண்டுவந்தவராம் அக்கா" என்று தெஹிவளையிலிருந்து தங்கச்சி நிஷாந்திதான் கொண்டுவந்து தந்தாள். ரஜனி அதற்குப் புதுப் பாஸ்வேர்ட் போட்டுக்கொண்டாள். ஆனால் கிருபா, படங்கள் போய்ச் சேருகிற தன் இணையக் கணக்கை அதிலிருந்து கழற்ற மறந்துபோனான். அவனும் பெண்சாதி வதனியும் ரொறன்ரோவில் எடுக்கிற ஒவ்வொரு படமும் அடுத்த நிமிடம் வெள்ளவத்தையில் வந்து விழுந்தது.

நல்ல மனுசி என்றால் அன்றைக்கே போன் எடுத்துச் சொல்லியிருப்பாள். ரஜனி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து கதிரையை இழுத்துப் போட்டாள்.

வதனி ஜிம்முக்குப் போனாள், ரஜனி பார்த்தாள். வதனி தலைமயிரைக் கட்டையாக வெட்டினாள். "அவளுக்கு அது எடுப்பா இல்லை, என்ன?" என்று புருசன் ஜீவராஜுக்குத் திருப்பிக் காட்டினாள்.

"மூடி வையும். வயிறெரிஞ்சு என்ன கண்டனீர்?"

"எனக்கேன் எரியுது? கண்ணுக்கு முன்னால வந்தால் பாக்கக்கூடாதோ?"

இப்படியே போயிருக்கும். ஒருநாள் படங்களின் பட்டியலில் அடியில் ஒரு சின்னப் பூட்டு கண்ணில் பட்டது. ஒளித்து வைக்கிற படங்களுக்கென்று தனி இடமாம். தட்டினால், கணினியின் பாஸ்வேர்டைக் கேட்டது. ரஜனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணினி அவளுடையதல்லவா? வதனி பூட்டிய கதவுக்குத் திறப்பு ரஜனியிடம்.

நகை இருக்கும், இல்லாவிட்டால் வதனியின் வேறேதும் கூத்து இருக்கும் என்றுதான் திறந்தாள்.

கொழும்புக் காலிமுகத்திடலில் நின்று கிருபாவும் வதனியும் பிள்ளைகளும் இறால் பதித்த இஸ்ஸோ வடை தின்றுகொண்டிருந்தார்கள். போன ஆவணியில் எடுத்த படம். பக்கத்தில் நிஷாந்தி. அடுத்த படத்தில் நிஷாந்தியின் வீட்டு ஹோலில் வைத்து, அவள் மகளுக்கு வதனி சங்கிலி போட்டுவிடுகிறாள். மேசையில் இதே லப்டொப். தெரிஞ்ச ஆள்!

அதற்கும் அடுத்தது ரயில் ஜன்னலால் எடுத்தது. வெள்ளவத்தை ஸ்டேஷன் பெயர்ப்பலகை பளிச்சென்று தெரிந்தது. ரயில் நின்றுதான் போயிருக்கிறது. இறங்கி ஒரு கூப்பிடு கூப்பிட்டிருந்தால் ரஜனிக்குக் கேட்டிருக்கும்.

சங்கிலியைக்கூட மறக்கலாம். அந்தப் பலகையை அவளால் விழுங்க முடியவில்லை. கேட்கவும் முடியாது. கேட்டால் பார்த்தது வெளிவரும், கிருபா கணக்கைக் கழற்றிவிடுவான், அதோடு ரொறன்ரோ போய்விடும். கேட்காவிட்டாலோ, சோறு இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை நிஷாந்தி வந்தாள்.

"தம்பி எப்பவாம் இங்கால வரப்போறான்?"

"எங்கயக்கா, டிக்கெட் விக்கிற விலைக்கு?"

"வந்தால் முதல் இங்கதானே வருவான்."

"பின்னே? மூத்தக்காவை விட்டிட்டுப் போவானோ?" என்றபடி நிஷாந்தி தட்டிலிருந்து இரண்டாவது ரோல்ஸை எடுத்துக் கடித்தாள். கண்கூட வெட்டவில்லை. இவ்வளவு வடிவாகப் பொய் சொல்ல இவள் எங்கே பழகினாள் என்று ரஜனிக்கு அதிலும் ஒரு பொறாமை.

தங்கச்சி லிஃப்டில் இறங்கியதுதான் தாமதம், ரஜனி பூட்டைத் திறந்தாள். அந்தப் பலகைப் படத்தை மட்டும் வெளியே எடுத்து, மற்றப் படங்களோடு விட்டாள். கிருபாவின் வீட்டுப் பெரிய ரீவியில் இந்தப் படங்கள்தான் மாறி மாறி ஓடும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன!

மறுநாள் காலையிலேயே வதனியின் அழைப்பு.

"மச்சாள், உங்கட லப்டொப்பில எங்கட படங்கள் ஏதும் தெரியுதோ?"

"படமோ? நான் அதில தேவாரம் மட்டும்தான் கேக்கிறது."

"இல்லை, இங்க ஆக்கள் வந்திருக்கிற நேரம் ரீவியில வெள்ளவத்தை ஸ்டேஷன் வந்து நிக்குது. இவருக்கு வேர்த்துப்போச்சு."

"அதுக்கென்ன, வடிவான ஸ்டேஷன். இறங்கிப் பாத்திருக்கலாமே."

வதனி குரலைத் தணித்தாள்.

"கோவிக்காதேங்கோ மச்சாள். அவளுக்குச் சங்கிலி, எனக்கேன் இல்லையெண்டு நீங்கள் கதைப்பியள். பிள்ளையளுக்கு முன்னால சண்டை வேண்டாமெண்டு இவர்தான் சொன்னவர். கண்ணூறு எண்டும் ஒரு பயம்..."

"என்ர கண்ணோ?" ரஜனி கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். "நான் ஆரின்ர எதைப் பாத்துப் பொறாமைப்பட்டனான்? மஞ்சள் சுவருக்குப் பச்சைத் திரைச்சீலை போட்டு வைச்சிருக்கிறியே, ஒருநாளாவது வாய் திறந்து ஒரு சொல் சொன்னனானோ?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். போனுக்குள் கிருபாவின் குரல் கேட்டது: "முதல் அந்தக் கணினியைக் கழற்றிவிடு!"

வரிசை வரிசையாகப் படங்கள் போயின. ஜிம், தலைமயிர், திரைச்சீலை எல்லாம் போய், வெள்ளைத் திரையில் கிருபாவின் பாஸ்வேர்டைக் கேட்கும் ஒரு பெட்டி மட்டும் மிஞ்சியது.

"முடிஞ்சுதோ படம்?" என்று எட்டிப் பார்த்தார் ஜீவராஜ்.

ரஜனி மூக்கை உறிஞ்சினாள். லப்டொப்பை மூடி வைத்தாள்.

"லண்டனில உங்கட தங்கச்சி புது லப்டொப் வாங்கப்போறா எண்டனீங்கள்... பழசை வேற ஒருத்தருக்கும் குடுக்காமல் எனக்கு அனுப்பச் சொல்லுங்கோ."