நெடுமான் பேரனுக்குப் பொன்னாடை

கீழைக்கடல் செந்தமிழ்ப் பேரவைக்குத் தலைவர் ஒருவர், துணைத்தலைவர்கள் ஒரு டஜன், சாதாரண உறுப்பினர்கள் ஏறக்குறைய அதே அளவு. தலைவர் டாக்டர் கௌரிசங்கர் மருத்துவரல்லர். படித்து வாங்கிய டாக்டரும் அல்லர். ஒரு விடுமுறைக்குச் சென்னை போனவர், நட்சத்திர ஓட்டலில் கறுப்பு அங்கியும் குஞ்சம் தொங்கும் தொப்பியும் அணிந்து படம் எடுத்துக்கொண்டார்; சவுதியின் ஜுபைலுக்கு டாக்டராகத் திரும்பினார். பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் எந்தத் தீவில் இருக்கிறது என்று கேட்டவர்கள் வாட்ஸாப் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

ஜுபைலில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் அவர் பாதுகாப்பு மேலாளர். அது வயிற்றுப்பாட்டுக்கு. பிறவிப் பணி, பெயர்களுக்கு வேர் தேடுவது. பிலிப்பினோ நர்ஸ், நேபாளி சமையல்காரர், பெஷாவர் டிரைவர் என யார் பெயரைச் சொன்னாலும் ஒரு கணம் கண்ணை மூடுவார். இரண்டு எழுத்தைத் தள்ளி, ஓர் எழுத்தைச் சேர்த்து, அந்த ஆளைச் சங்க காலத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். கௌரிசங்கர் என்ற பெயருக்கு மட்டும் அவர் வேர் தேடியதாகத் தகவல் இல்லை.

அந்த ஆண்டு ஆலையில் பெரிய ஷட்டவுன். மொத்த ஆலையையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு குழாயையும் கழற்றித் துடைத்து மாட்டுகிற பேயாட்டம் அது. அதை நடத்த ஐரோப்பாவிலிருந்து ஒரு செக் நாட்டுக்காரர் வந்தார். குடும்பப்பெயர் நெடோமா. ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் யாரோ பேச்சுக்குக் கேட்க, எங்கள் நாட்டிலேயே இந்தப் பெயர் உள்ளவர்கள் சில நூறு பேர்தான் இருப்பார்கள், என் ஊரில் எங்கள் வீடு ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு சூப்பைக் குடிக்கப் போய்விட்டார்.

எதிரே உட்கார்ந்திருந்த கௌரிசங்கர் உருட்டிய கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டார்.

"நெடோமா. நெடுமா. நெடுமான்!" என்றார், பக்கத்திலிருந்த பேரவைச் செயலாளர் விஜயபாஸ்கரிடம். "அதியமான் நெடுமான் அஞ்சி, தம்பி. கப்பல்ல போயிருக்கான்."

"தகடூர்ல கடலே இல்லையே, தலைவரே?"

"அதனாலதான் போயிருக்கான்."

விஜயபாஸ்கர் தலையாட்டினார். அவர் திருச்சிக்காரர், பைப்பிங் பொறியாளர். அவருடைய வேலை நீட்டிப்பு தலைவரின் தயவில் இருந்தது. அந்தப் பெயர் ஏன் அவ்வளவு அரிது என்பதற்கும் தலைவரிடம் உடனே விடை கிடைத்தது. நாட்டில் குடிமக்கள்தான் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள், அரச குடும்பம் எப்போதும் கொஞ்சமாகத்தான் இருக்கும். இந்தத் தர்க்கப்படி அரிய வியாதி வந்தவன் எல்லாம் இளவரசன்தான். அதை அவரிடம் சொல்ல ஆளில்லை.

வெள்ளிக்கிழமை மாலை பாராட்டு விழா என்று முடிவாயிற்று. ஊருக்கு வெளியே சுற்றுச்சுவரும் புல்தரையும் கூடமுமாக வாடகைக்குக் கிடைக்கும் ஓர் இஸ்திராஹாவைப் பிடித்தார்கள். நெடோமா முதலில் மறுத்தார். ஒரு மணி நேரம்தான், மக்கள் ஆசைப்படுகிறார்கள் என்று வற்புறுத்தியதும் பாவம், ஒப்புக்கொண்டார்.

அதே வெள்ளிக்கிழமை விடியற்காலையில், இளையான்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பாண்டித்துரை என்ற பெரியவர் செத்துப்போனார். அவருடைய ஒரே மகன் கார்மேகம் இந்த ஆலையில் சாரம் கட்டுகிறவன். காலையில் தொழிலாளர் கேம்ப்பில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறோம், நாளை மத்தியானத்துக்கு மேல் தாங்காது, வந்து சேர் என்றார்கள்.

தமாமிலிருந்து இரவில் ஒரு விமானம் இருந்தது. டிக்கெட்டை அறைக்காரர்கள் போட்டுவிட்டார்கள். ஒன்று மட்டும்தான் பாக்கி. ஷட்டவுன் முடியும்வரை யாருக்கும் லீவு இல்லை என்பது உத்தரவு. சாவுக்குக்கூட நெடோமா தன் போனில் 'சம்மதம்' என்று தட்டினால்தான் உண்டு. அவர் தட்டினால் கம்பெனியின் மந்தூப் யஹ்யா அடுத்த நிமிடமே ஊர் போய்த் திரும்புவதற்கான எக்ஸிட் ரீஎன்ட்ரி விசாவை எடுத்துவிடுவார். அரசாங்க வேலைகளைப் பார்க்கும் அந்த சவுதி இளைஞர், வெள்ளிக்கிழமையாக இருந்தும் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். "நீ அவர் சம்மதம் கொண்டா, பாக்கி என் பொறுப்பு, பாய்" என்று இந்தியில் சொல்லியிருந்தார். நெடோமா பகல் முழுக்க ஆலைக்குள் ஒரு கலனுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போனுக்கு அனுமதி கிடையாது. வெளியே வந்தவரை நேரே விழாவுக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

விஜயபாஸ்கர் கார்மேகத்தைத் தன் காரில் இஸ்திராஹாவுக்குக் கூட்டிவந்தார். பெட்டி டிக்கியில் இருந்தது.

"போற வழிதான. அவர்கிட்ட ஒரு வார்த்தை, அப்படியே ஏர்போர்ட்" என்றார்.

"லேட்டாயிராதுல்ல சார்?" கார்மேகம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினான். "நான் போகலைன்னா சித்தப்பா மகன் பாலகுருதான் கொள்ளி வைக்கணும்பாக. வேற பங்காளி கெடையாது. அவனுக்கும் எங்கப்பாவுக்கும் வரப்புத் தகராறுல பேச்சுவார்த்த நின்னு வருசக்கணக்காச்சு. என் பொணத்துமேல அவன் நெழலு விழக்கூடாதுன்னு ஊருக்கு முன்னால சொன்ன மனுசன் சார்."

"விழாது. நான் இருக்கேன்ல?"

இந்த 'நான் இருக்கேன்ல' என்பது வளைகுடாவில் மிக மலிவாகக் கிடைக்கும் பொருள்.

கூடத்து வாசலில் கௌரிசங்கர் பட்டு வேட்டியில் நின்றிருந்தார். செய்தியைக் கேட்டதும் முகத்தில் துக்கத்தை வரவழைத்தார்; துக்கம் வந்து சேர்வதற்குள் கால்கள் இரண்டடி பின்னால் போய்விட்டன.

"ஐயோ பாவம். அப்பாவா? எப்ப? சரி சரி. தம்பி, இவர உள்ள கூட்டிட்டுப் போகாதீங்க."

"ஒரே நிமிஷம் தலைவரே. மிஸ்டர் நெடோமா போன்ல ஒரு பட்டனைத் தட்டினாப் போதும்."

"விஜயபாஸ்கர், மங்கலமா ஒரு நிகழ்ச்சி நடக்குது. இன்னும் குத்துவிளக்கே ஏத்தல. இழவுத் தீட்டோட ஒருத்தர் சிறப்பு விருந்தினர்கிட்டப் போயி நிக்கிறதா? நமக்குன்னு ஒரு பண்பாடு இருக்குல்ல? விழா முடிஞ்ச அடுத்த நிமிஷம் நானே சொல்றேன். அந்த மனுஷன் என் பேச்சைத் தட்டமாட்டாரு."

"ஃப்ளைட் இருக்கு சார்" என்றான் கார்மேகம்.

"எல்லாம் நேரத்துக்கு முடியும்ப்பா. நான் பொதுவாச் சுருக்கமாத்தான் பேசுவேன்."

அதைக் கேட்டு, வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த துணைத்தலைவர் ஒருவரே திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

கார்மேகம் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். திறந்திருந்த கதவு வழியாக மேடை முழுக்கத் தெரிந்தது. கல்யாண ரிசப்ஷனுக்கு வாடகைக்கு விடும் சிவப்பு வெல்வெட் சிம்மாசனத்தில் நெடோமா வேலை பூட்ஸோடு உட்கார்ந்திருந்தார். குத்துவிளக்கு பேட்டரியில் எரிந்தது. தலைவர் ஒவ்வொரு முகமாகச் சுவிட்சைத் தட்டத் தட்ட ஐந்து பல்புகள் எரிந்தன. தீட்டுப்பட்டால் இந்த விளக்கு ஃபியூஸ் போகுமா என்று விஜயபாஸ்கருக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அனைவரும் போனை அணைத்துவிட வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. நெடோமா நல்ல விருந்தாளியாகத் தன் போனையும் அணைத்துப் பைக்குள் போட்டார்.

பிறகு பொன்னாடைகள். தலைவர் போர்த்தினார். துணைத்தலைவர்கள் வரிசையாக வந்து, ஒருவர் போர்த்தியதன்மேல் மற்றவர் போர்த்தினார்கள். படம் சரியாக விழாதவர்கள் அதே ஆடையை எடுத்து மறுபடி போர்த்தினார்கள். செக் நாட்டின் குளிரிலும் அந்த மனிதர் அவ்வளவு துணி போர்த்தியிருக்க மாட்டார்.

தலைவர் பேச வந்தார். திரையில் தமிழ்நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்கு ஒரு சிவப்பு அம்பு பாய்ந்தது. அம்பு கடலையும் பாலைவனத்தையும் எங்கும் சாப்பிடக்கூட நிற்காமல் கடந்து, செக் தலைநகர் பிராகாவில் இறங்கியது. நெல்லிக்கனி வந்தது. ஔவை வந்தார். நெடுமானின் உயரம் வந்தது. நெடோமாவும் உயரம்தானே என்று தலைவர் கேட்க, கூட்டம் கைதட்டியது. கார்மேகம் போனைப் பார்த்தான், விஜயபாஸ்கரைப் பார்த்தான். விஜயபாஸ்கர் மேடைக்கு ஒரு சீட்டு அனுப்பினார். தலைவர் வாங்கிப் படிக்காமல் ஜிப்பாப் பையில் செருகிக்கொண்டார். நேரத்தைச் சுருக்கச் சொல்லும் சீட்டுகள் அவருக்குப் பழகியவை.

அந்தி நேர மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். விஜயபாஸ்கர் எழுந்து மேடைப் படிவரை போய்விட்டார். அதற்குள் தலைவர் அந்த இடைவெளியை வீணாக்காமல் நெடோமாவைத் தோளோடு அணைத்துக் குடும்பப் படம் எடுக்க நிறுத்தியிருந்தார்.

"தலைவரே, நேரமாச்சு."

"முடிவுரைதான் தம்பி பாக்கி. உங்க எக்ஸ்டென்ஷன் விஷயமும் இவர்கிட்டப் பேசணும்னு வச்சிருக்கேன். கெடுத்துறாதீங்க."

விஜயபாஸ்கர் ஒரு நொடி அங்கேயே நின்றார். பிறகு வந்த வழியே திரும்பி உட்கார்ந்தார். வாசல் பக்கம் பார்ப்பதை அதன்பின் தவிர்த்தார்.

முடிவுரை சோழர்களிடம் போய்த் திரும்பியது. கடைசியில் ஏற்புரைக்கு நெடோமாவை அழைத்தார்கள். அவர் பொன்னாடைகளை விலக்கி மைக்கைத் தேடிப் பிடித்து ஆங்கிலத்தில் பேசினார்.

"நன்றி. எனக்குச் சங்கடமாக இருக்கிறது. எங்கள் மொழியில் நெடோமா என்றால் 'வீட்டில் இல்லை' என்று அர்த்தம். அந்தக் காலத்தில் பண்ணையாருக்குக் கூலியில்லாமல் உழைக்க ஆள் பிடிக்க வருவார்களாம். என் முப்பாட்டன் எப்போது போனாலும் வீட்டில் இருக்கமாட்டானாம். அதையே பெயராக எழுதிவிட்டார்கள் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். எவ்வளவு உண்மையோ தெரியாது. நான் அரசன் பேரன் அல்ல. வேலைக்கு டிமிக்கி கொடுத்தவனின் பேரன். அதிகம் பேர் இல்லாததும் அதனால்தான் என்று என் அம்மா சொல்வாள். வீட்டிலேயே இல்லாதவனுக்கு எத்தனை பிள்ளை பிறக்கும்?"

ஆங்கிலம் புரிந்தவர்கள் சிரித்துவிட்டு, தலைவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். தலைவர் மைக்கை வாங்கி மொழிபெயர்த்தார்.

"தன் முன்னோர்கள் வீட்டில் தங்காமல், எந்நேரமும் போர்க்களத்திலேயே இருந்த மாவீரர்கள் என்று சிறப்பு விருந்தினரே ஒப்புக்கொள்கிறார்!"

அன்றைய பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

விருந்துக்கு எழுந்தபோது நெடோமாவே கை கழுவ வாசலுக்கு வந்தார். கார்மேகம் எழுந்து நின்றான். அவனுக்கு ஆங்கிலம் அதிகம் வராது. "சார். ஃபாதர் டெட். லீவ்" என்றான். விஜயபாஸ்கர் ஓடிவந்து பாக்கியைச் சொன்னார். நெடோமா போனை உயிர்ப்பித்தார், தேடினார், தட்டினார். கார்மேகம் பேசிய நேரம்கூட ஆகவில்லை.

"இவர் எப்போது வந்தார்?"

துணைத்தலைவர்கள் விருந்துப் பக்கம் நகர்ந்தார்கள்.

"நான் வந்ததிலிருந்து இங்கேயேவா உட்கார்ந்திருந்தார்? நான் இந்தத் துணிகளுக்கு நடுவில் சும்மாதானே இருந்தேன்?"

"அது எங்கள் பண்பாடு, சார்" என்றார் கௌரிசங்கர், பின்னால் வந்து சேர்ந்து.

விசா அங்கேயே நின்றுகொண்டிருக்கும்போதே வந்துவிட்டது. யஹ்யாவே போன் செய்து "யல்லா, போ போ" என்றார். விஜயபாஸ்கர் மணியைப் பார்த்தார். தமாம் சாலையை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தே கார்மேகம் தெரிந்துகொண்டான்.

"கவுன்ட்டர் மூடிருவாங்க, கார்மேகம். அடுத்தது நாளைக்குச் சாயங்காலம்தான்."

கார்மேகம் தலையாட்டினான். கோபப்படுவான் என்று எல்லோரும் பயந்தார்கள். அவன் கோபப்படாதது அவர்களுக்கு ஆறுதலாக இருந்தது. காரியமெல்லாம் கெட்டு முடிந்தபின் கண்ணியமாக நடந்துகொள்ளும் ஏழையை எல்லோருக்கும் பிடிக்கும்.

கௌரிசங்கர் இப்போது தாராளமாக அவன் தோளில் கை வைத்தார். விழா முடிந்துவிட்டதால் தீட்டும் முடிந்துவிட்டது போலும்.

"மனசத் தேத்திக்கப்பா. அப்பா பேரு என்ன?"

"பாண்டித்துரை."

தலைவர் கண்ணை மூடினார். "பாண்டி... துரை. பாண்டியர் வழி. பெரிய வம்சம்ப்பா உங்களுது."

கார்மேகம் அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்து அவரிடமே கொடுத்தான். "கெழக்க ஒரு காணி நெலம் சார் எங்களுக்கு. அதுலயும் வரப்புத் தகராறு."

புல்தரையின் ஓரத்துக்குப் போய் ஊருக்குப் போன் போட்டான். முதல் மணியிலேயே எடுத்தது பாலகுரு. பின்னால் ஒப்பாரியும் ஜெனரேட்டர் சத்தமும் கேட்டன.

"எங்கண்ணே இருக்க? ஏர்போட்டா?"

"இல்லடா. வரமுடியல."

பாலகுரு ஒப்பாரிச் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்து பேசினான்.

"கரண்டு நின்னு நின்னு வருதுண்ணே. மத்தியானம் வரைக்கும் வைக்கப் பெட்டிக்காரன் ஒத்துக்க மாட்டேங்குறான். வெள்ளனயே எடுத்துருவோம்னு ஊர்ல சொல்றாக. நான் தள்ளித்தான் நிக்கிறேன், இன்னும் பக்கத்துல போகல. பெரியப்பா சொன்னது மனசுல இருக்குல்ல."

"போ. பக்கத்துல போ."

"ஒத்துக்குவாராண்ணே?"

"அவர யாருடா இப்பக் கேக்கப்போறா. மொட்டையடிச்சுக்க. நீயே வையி."

கூடத்துக்குள் விருந்துக்கு நடுவே நன்றியுரை தொடங்கியிருந்தது. துணைத்தலைவர்கள் அனைவருக்கும் பெயர் சொல்லித் தனித்தனியாக நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். கார்மேகம் காரின் டிக்கியைத் திறக்கச் சொல்லிப் பெட்டியை எடுத்துக்கொண்டான். விஜயபாஸ்கர் கேம்ப்பில் விட்டுவிடுகிறேன் என்றார். வேண்டாம் சார், டாக்ஸியில போயிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவன் வாசலைத் தாண்டிச் சாலைக்கு நடந்தான்.