படகு மிதக்கத் தேவையான தண்ணீர்

எங்கள் ஏரிக்கரையில் பூங்கா வந்த வரலாற்றை யாராவது கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். அடி அண்ணாமலை கிராமத்தைத் தாண்டி இருக்கிறது ஏரி. 1978இல் கரையோரம் வேலி போட்டார்கள். நான்கு சிமெண்ட் பெஞ்சு, ஒரு சிமெண்ட் மான். கடைசியாக லாரியில் ஒரு படகு வந்தது. மாசியில் மந்திரி திறந்து வைப்பார், படகில் ஒரு சுற்று வருவார், அதுவரை மதகைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு.

ஏரித் தண்ணீரைத் திறந்துவிடும் நீர்க்கட்டி அப்பாசாமி அண்ணன். அவரைத் தவிர யாரும் மதகில் கை வைக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். அவருக்குப் பூங்காவில் வாட்ச்மேன் வேலை தருவதாக ஆசை காட்டியிருந்தார்கள். மனிதர் விழுந்துவிட்டார். இரண்டே வருஷத்தில் அதை வேறொருவருக்குக் கொடுத்தது தனிக் கதை.

மாசியில் மந்திரி வரவில்லை. பங்குனி என்றார்கள். நெல் பால் பிடிக்கிற நேரம், கழனி வெடித்துக் கிடந்தது. நானும் பக்கத்துக் கழனி தருமனும் போய் அண்ணனிடம் கெஞ்சினோம்.

"ஒரே ஒரு தண்ணி வுடுண்ணா. கதிரெல்லாம் பதராப் பூடும்."

"பத்து நாள் பொறுங்கப்பா. தண்ணி கம்மியானா படகு தரை தட்டும்னு சொல்றாங்க. கவர்மெண்ட்டு வேலைடா, என் பசங்க பொழச்சிக்கும்."

"உன் கழனியுந்தானேண்ணா காயுது?"

அவர் மதகை மறித்து நின்றுகொண்டார். நாங்கள் இரண்டு பேர், அவர் ஒருத்தர். தள்ளிவிட்டு நாங்களே திறந்திருக்கலாம். தொடவில்லை. வழக்கமாம், மண்ணாங்கட்டி! இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பதினாறாம் நாள் மந்திரி வந்தார். வெயில் ஜாஸ்தி என்று படகில் ஏறவே இல்லை. ரிப்பனை வெட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். கார் தார் ரோட்டை எட்டுவதற்குள் அப்பாசாமி அண்ணன் ஏரியில் இறங்கி மதகைத் திறந்துவிட்டார்.

மதகு திறந்தால் வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வாய்க்காலுக்கு ஓடுவோம். அன்று யாரும் போகவில்லை. ஈர வேட்டியோடு அவர்தான் தண்ணீரோடு ஓடி வந்தார். "தண்ணி வந்துடுச்சி, வாங்கப்பா!" என்று கழனி கழனியாகக் கூப்பிட்டார். வரப்பில் உட்கார்ந்திருந்த நான் எழுந்திருக்கவில்லை.

அவருடைய கழனியில் அவர் மனைவி தனம் மாட்டை அவிழ்த்து விட்டிருந்தாள். அது பதரான பயிரைக் கதிரோடு மேய்ந்துகொண்டிருந்தது.

"இன்னாடி பண்ற? தண்ணி வுட்டுட்டேன்டி!"

தனம் வாய்க்காலைப் பார்த்தாள்.

"நல்லதாப் போச்சி. மேஞ்சிட்டு மாடு குடிக்கும்," என்றாள்.