படகில் இருந்தவரின் எடை

பொறியாளர் பதிவு எண் வந்த நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பேருந்தில் நின்றாலும் மிதந்தேன், பல் தேய்த்தாலும் மிதந்தேன். இனி ஒரு வரைபடத்திலோ சோதனைச் சான்றிலோ என் பெயரிலேயே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தலாம். நின்றால் என் பேர், விழுந்தால் என் தலை. எங்கள் அலுவலகத்தில் நாற்பது வயதுக்குக் கீழே வேறு யாருக்கும் அந்தப் பதிவு கிடையாது. எனக்கு இருபத்தேழு.

எங்கள் முதலாளிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘அவசரம்’. தேநீர் குடிப்பதிலிருந்து தளம் போடுவது வரை அவருக்கு எல்லாமே அவசரம்தான். அவர் அவசரப்படாத ஒரே விஷயம் என் பதிவு. “இப்ப என்னம்மா வந்துச்சு? நாலஞ்சு வருஷம் போகட்டும்” என்றார். நான் காதில் வாங்காமல் தேர்வு எழுதினேன். நேர்காணலில் மூன்று பேர் ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டார்கள்: இதில் நீங்கள் செய்தது எது? ஒவ்வொரு தடவையும் ‘எங்கள் அலுவலகத்தில்’ என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, முதலிலிருந்து சொன்னேன். எப்படியோ தேறிவிட்டேன்.

ரப்பர் முத்திரை வீட்டுக்கு வந்ததும் அண்ணன் உள்ளங்கையை நீட்டினான்.

“முதல் குத்து எனக்கு. நான் உறுதியான ஆளுன்னு சர்டிபிகேட் குடு.”

“உன்ன டெஸ்ட் பண்ணாம குடுக்க முடியாது.”

அம்மா தையல் மெஷினை நிறுத்தாமலேயே, “அதெல்லாம் இருக்கட்டும். அந்தத் தொட்டிக்கு எப்ப குத்தப் போறே?” என்றாள்.

அம்மா கேட்டதில் நியாயம் உண்டு. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரியில்தான் வரும். லாரியின் ஹாரன் கேட்டால் அம்மா பாதித் தையலில் ஊசியை நிறுத்திவிட்டுக் குடத்தோடு ஓடுவாள். அதனால் எத்தனையோ சட்டைகளின் காலர் கோணலாகப் போயிருக்கிறது. மேட்டில் புதிதாகக் கட்டிய உயர்நிலைத் தொட்டி எங்கள் அலுவலக வேலை. நிரப்பி ஒரு வாரம் அப்படியே விட்டு, நீர்மட்டம் இறங்கவில்லை என்று பதிவுபெற்ற பொறியாளர் ஒருவர் சான்று தந்தால் குழாய்களைத் திறந்துவிடலாம். என் முதல் கையெழுத்து அதற்குத்தான்.

தொட்டியை நிரப்பிய அன்று, கூரைத் தளத்தின் அடிப்பக்கத்தைப் பார்க்க நான் உள்ளே இறங்கினேன். கூரைத் திறப்பு வழியாகச் சுருட்டிய ரப்பர் படகை இறக்கிக் காற்றடித்து, மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு, விளக்கோடு அதில் மல்லாந்து படுத்தேன். தலைக்கு மேலே கைக்கெட்டும் தூரத்தில் கான்கிரீட் வானம். விளக்கொளி தண்ணீரில் பட்டுத் தெறித்து அதில் நெளிந்துகொண்டிருந்தது. நான் மூச்சு விட்டால் தொட்டியும் மூச்சு விட்டது. இது நான் கணக்குப் போட்ட தொட்டி, இந்தக் கம்பிகள் என் கணக்கில் பிறந்தவை என்று நினைத்தபோது அழுகை வந்தது. துடைத்துக்கொண்டேன். ஒரு விரிசலும் இல்லை. ஏணிப் பக்கம் மிதந்து வந்து, அங்கே பொருத்தியிருந்த எஃகு அளவுகோலில் நீர்மட்டத்தைப் படித்துக் குறித்துக்கொண்டு மேலே ஏறினேன். வால்வு பார்ப்பவர் படகைச் சுருட்டி வேறு வேலைக்கு எடுத்துப்போனார்.

வாரம் முடிந்து ஏணியில் நின்று பார்த்தேன். மட்டம் இறங்கியிருந்தது. கொஞ்சம்தான், ஆனால் விதி அனுமதித்ததைவிட ஒரு மயிரிழை கூடுதல். ஆவியாகிப் போவதைக் கழிக்க ஏணிப்படியில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் வைத்திருந்தோம். அதில் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. வெளிச்சுவரைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தேன். எலும்பு போலக் காய்ந்து கிடந்தது.

அவசரம் வந்து பார்த்தார். “இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? நாலு காக்கா வந்து குடிச்சிருக்கும். குத்தும்மா.”

“மூடி போட்ட தொட்டி சார்.”

“அப்ப பல்லி குடிச்சிருக்கும். இங்க பாரு, தெருவே காத்துக்கிட்டு இருக்கு. நீ போடலைன்னா நான் போடறேன். இருபது வருஷமா போடற கைதான்.”

நான் மறுத்தால் தொட்டியைக் காலி செய்து, உள்ளே மறுபூச்சு பூசி, மறுபடி நிரப்ப வேண்டும். கோடை முழுக்க அம்மா லாரிக்குப் பின்னால் ஓடுவாள். நான் மறுத்து அவர் போட்டுவிட்டால், என் முத்திரை அண்ணன் உள்ளங்கையில் குத்தத்தான் லாயக்கு. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்லிக் குத்தினாலோ, இத்தனை வருடம் படித்ததே வீண். மூன்றில் எதையும் என்னால் தாங்க முடியாது போலிருந்தது.

“சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க சார். இன்னொரு தடவை உள்ள போய்ப் பாத்துடறேன்.”

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “சாயங்காலம்னா சாயங்காலம்தான்.”

வால்வுக்காரர் படகைத் திரும்பக் கொண்டுவந்தார். மறுபடி அந்த வானம், அந்த நெளியும் வெளிச்சம். சுவரோரமாக விரலால் தொட்டுக்கொண்டே வட்டமிட்டேன். எங்கே ஒழுகுகிறாய், சொல்லிவிடேன் என்று தொட்டியிடம் கெஞ்சினேன். அது என் குரலையே திருப்பித் தந்தது. தோற்றுப்போய் ஏணிக்கு வந்து, எதற்கோ அளவுகோலைப் பார்த்தேன்.

தண்ணீர் போன வாரம் இருந்த அதே கோட்டில் நின்றது.

“அண்ணே! வால்வ யாராவது தொறந்தாங்களா?”

“பூட்டிக் கெடக்கும்மா. சாவி என் இடுப்புல இருக்கு” என்றபடி வால்வுக்காரர் திறப்பில் தலை நீட்டினார். “ஏன், என்னாச்சு?”

ஏணியில் கால் வைத்து மெல்ல எழுந்தேன். நான் எழ எழத் தண்ணீர் கோட்டைவிட்டு இறங்கியது. திரும்பப் படகில் உட்கார்ந்தேன். ஏறியது. மறுபடி எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தேன். தொட்டி முழுக்க நூறு பேர் சிரித்தார்கள். சிமெண்டின் எடை, கம்பியின் எடை, தண்ணீரின் எடை, காற்றின் தள்ளல், நிலநடுக்கம் வந்தால் என்ன ஆகும், எல்லாம் கணக்குப் போட்டவள், படகில் உட்கார்ந்து அளவெடுத்த தன்னை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. என்னையும் படகையும் கருவிப் பையையும் தூக்கிக்கொண்டு கொஞ்சம் மேலே நின்ற தண்ணீரைத்தான் முதலில் படித்திருக்கிறேன். அதே படகு, அதே பை, அதே ஆள். தண்ணீர் அதே கோட்டில். தொட்டி ஒழுகவே இல்லை.

அறிக்கையில் அதையும் எழுதினேன்: முதல் அளவின்போது படகில் ஒருவர், அவர் எடை இவ்வளவு, படகும் கருவிகளும் இவ்வளவு. அவசரம் அதை வழக்கத்துக்கு மாறாக மெதுவாகப் படித்தார்.

“நான் கண்ண மூடிக்கிட்டு குத்தியிருந்தாலும் தொட்டி ஒழுகியிருக்காதே.”

“ஒழுகியிருக்காது சார். ஆனா அது நமக்குத் தெரிஞ்சிருக்காது.”

அவர் மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். முத்திரை கொஞ்சம் கோணலாக விழுந்தது.

குழாய் திறந்த அன்று முதலில் காற்று வந்தது, பிறகு இருமல், பிறகு தண்ணீர். “உன் எடை கவர்மென்ட் ரெக்கார்டுல ஏறிடுச்சு. இனி குறைச்சுச் சொல்ல முடியாது” என்று அண்ணன் கேலி செய்தான். பக்கத்து வீட்டு அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டையே பார்த்தாள்.

“ஏம்மா, அவ்ளோ உசரத்துல அவ்ளோ தண்ணி. அது நிக்குமா?”

“எங்க ஆபீஸ்ல...” என்று ஆரம்பித்தேன். அம்மா மெஷினை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நிக்கும்க்கா. நான் பாத்துட்டேன்” என்றேன்.

அம்மா எழுந்து வந்து ஒரு டம்ளர் பிடித்துக் கடகடவென்று குடித்தாள். குழாயை மூட யாருக்கும் மனம் வரவில்லை. வாசல் முழுக்க ஈரம். வெறுங்காலோடு அதில் நின்றுகொண்டிருந்தேன்.