ஏறு கணக்கும் என் வாயும்

நான் இங்கே எழுதப்போவது அத்தனையும் நடந்தது. என் மூக்குக்கண்ணாடியின் மேல் ஆணை, என் மனைவியின் பொறுமையின் மேல் ஆணை. இரண்டில் எது முதலில் உடையும் என்று சொல்ல முடியாததால் இரண்டின் மேலும் சத்தியம் செய்து வைக்கிறேன். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருந்தால் என் தலைமுடி முழுவதும் கொட்டிப் போகட்டும். எனக்கு வழுக்கை என்ற விஷயத்தை இங்கே யாரும் இழுக்க வேண்டாம்.

அன்று காலை எங்கள் குளியலறை பல்ப் உயிரை விட்டது. நான் இருட்டிலேயே முகம் மழித்துக்கொண்டு வெளியே வந்தேன். என் மனைவி ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

"மீசையில பாதியை எங்க வெச்சீங்க?"

"உள்ளேதான் இருக்கும். வெளிச்சம் வந்ததும் தேடிக்கலாம்."

"முதல்ல போய் ஒரு பல்ப் வாங்கிட்டு வாங்க. பல்ப் மட்டும்தான். போன தடவை மாதிரி பூச்சி மருந்து விக்கிற ஆளோட பேச்சுக் குடுத்து, அவரைச் சாப்பாட்டுக்குக் கூட்டிட்டு வந்து நிக்காதீங்க."

தெருமுனையில் இருக்கும் பெரிய கடைக்குப் போனேன். அங்கே கல்லாவில் நாற்பதைத் தாண்டிய ஓர் அம்மா இருக்கிறார். அவருடைய சொந்தப் பெயர் கடை முதலாளிக்கே மறந்துவிட்டது. கை வேகத்தைப் பார்த்து யாரோ மின்னல் என்று வைத்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. அவர் பில் போடும்போது கிளம்பும் காற்றில் வரிசையில் நிற்பவர்களின் வியர்வை காய்ந்துவிடும். வெயில் காலத்தில் எதுவுமே வாங்காமல் அந்தக் காற்றுக்காக மட்டும் வரிசையில் வந்து நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு மின்னல் மேல் தனி மரியாதை உண்டு. போன மழைக்காலத்தில் என் பல் செட்டைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். ஏன் கழற்றினேன் என்பது வேறு கதை, அதற்கு இங்கே இடம் போதாது. மின்னல் கல்லாவைப் பூட்டிவிட்டு, கொட்டும் மழையில் பஸ்ஸைத் துரத்தினார். பஸ் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, பல் செட்டைக் காகிதத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். மூச்சுகூட வாங்கவில்லை. கல்லாவை விட்டுப் போனதற்காக அன்று அவருக்கு அரை நாள் சம்பளத்தைப் பிடித்தார்கள். அதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை. அந்த பஸ்ஸை ஓட்டிய டிரைவர் சொல்லித்தான் பிறகு எனக்குத் தெரிந்தது.

சரி, பல்புக்கு வருகிறேன். அன்று கல்லா மெஷினின் திரை எரிந்துபோயிருந்தது. மீதி எவ்வளவு தர வேண்டும் என்று அது காட்டாது. மின்னல் அதற்கெல்லாம் அசரவில்லை. ஏறு கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்தார். ஏறு கணக்கு என்றால், பொருளின் விலையில் ஆரம்பித்து, வாய்விட்டு எண்ணியபடியே காசை அடுக்கிக்கொண்டு போய், வாங்கிய நோட்டின் தொகை வந்ததும் நிறுத்துவது. கழித்தல் போடவே வேண்டாம். இதில் ஒரே ஒரு பலவீனம் உண்டு. பாதி வழியில் யாராவது வேறொரு எண்ணைச் சொல்லிவிட்டால், எண்ணுகிறவர் வாய் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து தொடரும். வாடிக்கையாளர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்கும்வரை இந்தப் பலவீனம் வெளியே தெரியாது. அன்று வரிசையில் நின்றவன் நான்.

பல்ப் விலை அறுபது. நான் ஐநூறு நோட்டைக் கொடுத்தேன்.

"எழுபது, எண்பது, தொண்ணூறு, நூறு," என்று பத்துகளை அடுக்கினார் மின்னல். பிறகு நூறு நூறாக, "இருநூறு, முந்நூறு, நானூறு..."

"பல்ப் எனக்கே தேவையில்லம்மா," என்றேன் நான். "அறுபத்தஞ்சு வயசு வரைக்கும் இருட்டுலதான் ஷேவ் பண்ணினேன்."

"எழுபது, எண்பது, தொண்ணூறு, நூறு, இருநூறு, முந்நூறு, நானூறு..."

"எழுபதுலதான் கண்ணு லேசா மக்கர் பண்ண ஆரம்பிச்சுது."

"எண்பது, தொண்ணூறு, நூறு, இருநூறு, முந்நூறு, நானூறு..."

"எழுபத்தஞ்சுல ஆபரேஷன். அதுக்கப்புறம் இன்னும் மோசம்."

"எண்பது, தொண்ணூறு, நூறு, இருநூறு, முந்நூறு, நானூறு, ஐநூறு. எடுத்துக்குங்க ஐயா. அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க."

என் ஆயுள் காலம் முழுவதையும் நோட்டாக அடுக்கிக் கொடுத்திருக்கிறார் என்பது எனக்கு உறைக்கவில்லை. கொடுத்ததை அவர் முன்னாலேயே எண்ணிப் பார்ப்பது மரியாதையில்லை என்று நினைக்கிறவன் நான். அப்படியே சட்டைப்பையில் திணித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் என் மனைவி மேசைமேல் பணத்தைப் பரப்பினாள்.

"ஐநூறு எடுத்துட்டுப் போனீங்க. பல்ப் அறுபது. மீதி ஆயிரத்து நானூத்தி முப்பதா? இன்னும் நாலு பல்ப் வாங்கினா வீட்டுக்கு மாடி எடுத்துடலாம் போலிருக்கே!"

"நல்ல கடை," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "தொள்ளாயிரத்துத் தொண்ணூறு கூட வந்திருக்கு. அந்தப் பொண்ணோட கல்லா இந்த மாசம் ஏற்கெனவே ரெண்டு தடவை குறைஞ்சிருக்கு. இன்னொரு தடவை குறைஞ்சா வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டாங்களாம். புருஷன் கால் உடைஞ்சு படுத்திருக்கார். வீட்டுல அவ சம்பளம் ஒண்ணுதான். அஞ்சு மணிக்குக் கல்லாவை எண்ணுவாங்க. நிக்காதீங்க, கிளம்புங்க!"

"மீசை?"

"அது எங்கயும் ஓடிப் போகாது!"

ஓடினேன். என் வயதில் ஒருவன் எப்படி ஓடுவானோ அப்படித்தான் ஓடினேன். அதாவது, என் நிழல் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்து வரிசையில் எனக்காக இடம் பிடித்து வைத்திருந்தது.

காலையில் கிளம்பிய நான் தெருமுனையை எட்டியபோது ஐந்தாக இன்னும் அரை மணி இருந்தது. என் முறை வந்ததும் குனிந்து மெதுவாகச் சொன்னேன். "ஏம்மா, காலையில தொள்ளாயிரத்துத் தொண்ணூறு கூடக் குடுத்துட்ட. இந்தா, பிடி."

மின்னலின் முகம் வெளுத்துவிட்டது. கை நீளவில்லை.

"இப்படி வாங்க முடியாது ஐயா. பில் போட்டாத்தான் டிராயர் திறக்கும். பில் இல்லாத காசு என் கையில இருந்தா திருட்டுன்னு எழுதிடுவாங்க." அவர் கண் ஓரமாகப் போயிற்று. அந்தப் பக்கம் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "நான் பாத்துக்கறேன், நீங்க போங்க. திரும்பி வந்தீங்களே, அதுவே போதும்."

அதுவே போதும் என்று அவர் சொன்ன குரலில் வேலை போய்விட்டது என்று முடிவு கட்டியிருந்தது தெரிந்தது. ஆனாலும் என் மூளை வேலை செய்தது. கல்லா பக்கத்தில் தொங்கிய சீப்பு ஒன்றை எடுத்தேன். விலை பத்து.

"பில் போடு. ஆயிரம் இருக்கு. மீதி வேண்டாம்."

பில் போட்டார். டிராயர் திறந்தது. அங்கேதான் என் திட்டம் குப்புற விழுந்தது. வாங்கின காசுக்கு மீதி கொடுக்காமல் மின்னல் தன் வாழ்நாளில் யாரையும் அனுப்பியதில்லை. அவர் மனது வேண்டாம் என்றாலும் கை கேட்கவில்லை. அது பாட்டுக்கு ஆரம்பித்துவிட்டது.

"இருபது, முப்பது, நாப்பது..." தடதடவென்று தொள்ளாயிரம் வரை போய்விட்டார்.

"எனக்கெதுக்கும்மா மீதி?" என்று பதறினேன். "சீப்பே எனக்கெதுக்கு? இருபது வயசுலயே முடி கொட்டிப் போச்சு!"

"முப்பது, நாப்பது, அம்பது..."

ஆயிரத்தில் வந்து நின்றார். என் கையில் இப்போது ஆயிரத்து எண்ணூற்று எழுபது அதிகப்படி இருந்தது. நேர்மையாக நடந்துகொள்ள முயன்றதில் கடன் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது.

பின்னாலிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்தது. திரும்பினால் அந்த பஸ் டிரைவர், கக்கத்தில் ஒரு ரொட்டிப் பொட்டலத்தோடு.

"பெரியவரே, தயவு செஞ்சு வாயை மூடுங்க," என்று காதுக்குள் சொன்னார். "நீங்க சின்ன நம்பர் சொல்லச் சொல்ல அக்கா ரிவர்ஸ் எடுக்கறாங்க. பெரிய நம்பர் சொன்னா முன்னாடி போயிடுவாங்க. இன்னொரு சீப்பு எடுங்க. ஆயிரம் குடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"அவங்க கிட்டயே சொல்லிடலாமே?"

"தெரிஞ்சா உங்களுக்குக் குறைச்சுக் குடுத்து அனுப்ப மாட்டாங்க. சரியா எண்ணிக் குடுத்துடுவாங்க. அக்காவைத் தெரியாதா உங்களுக்கு?"

அவருக்குப் பின்னால் யூனிஃபார்மோடு நின்ற நர்ஸ் அம்மாவுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அவர் வரிசை முழுவதையும் ஒரு பார்வை பார்த்தார். ஊசி போடுவதற்கு முன்னால் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. யாரும் மூச்சு விடவில்லை. கடைசியில் நின்ற ஒருவர் மட்டும் செல்லில் யாருக்கோ தன் நம்பரைச் சொல்ல வாயெடுத்தார். டிரைவரின் பொட்டலத்திலிருந்து ஒரு ரொட்டியை உருவிய நர்ஸ், அதை அவர் வாயில் வைத்து அடைத்துவிட்டார். நல்லவேளை. பத்து இலக்க நம்பர் அது. மின்னலின் காதில் விழுந்திருந்தால் நான் இந்நேரம் அந்தக் கடைக்குப் பல நூறு கோடி பாக்கி வைத்திருப்பேன்.

இரண்டாவது சீப்பு. ஆயிரம் கொடுத்தேன். மின்னல் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "எங்க டிப்போவுல மொத்தம் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு டயரு," என்றார்.

"ஆயிரம்," என்று மின்னல் ஒரே ஒரு பத்தை என் கையில் வைத்தார்.

டிரைவர் விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டார். "இன்னும் எண்ணூத்தித் தொண்ணூறு வரணும்," என்று முணுமுணுத்து மூன்றாவது சீப்பை என்னிடம் நீட்டினார். மறுபடி ஆயிரம் கொடுத்தேன்.

"டயர் ஒண்ணுக்குத் தொள்ளாயிரம்னு வெச்சுக்குங்க," என்றார் கூரையிடம்.

"ஆயிரம்," என்று மின்னல் ஒரு நூறைக் கொடுத்துவிட்டு டிராயரைச் சாத்தினார். பையில் கைவிட்டுப் பார்த்தேன். நானூற்றுப் பத்து. ஐநூறில் ஒரு பல்ப், மூன்று சீப்பு போக அதேதான். என் கணக்கு சரியாக வந்துவிட்டது. கல்லாவும் வர வேண்டுமே!

மேனேஜர் வந்து டிராயரை வெளியே எடுத்து எண்ண ஆரம்பித்தார். அவரும் வாய்விட்டு எண்ணுகிறவர். கடையே உறைந்து நின்றது. தள்ளுவண்டியில் இருந்த கைக்குழந்தை கொட்டாவியைப் பாதியில் நிறுத்திக்கொண்டது. ஐஸ் பெட்டிகள் உறுமுவதை நிறுத்தின. சுவர்க் கடிகாரம் ஐந்து அடிக்காமல் அடக்கிக்கொண்டது, அதுவும் ஓர் எண் என்பதால். மின்னல் மட்டும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல்கள் வெளுத்திருந்தன.

மேனேஜர் எண்ணி முடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

"சரியா இருக்கும்மா," என்றார். பிறகு அங்கேயே ஒரு சோப்புப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். "உன்னை வீட்டுக்கு அனுப்பணுமேன்னு நாலு நாளா தூக்கமில்லை. முதலாளி உத்தரவு. நான் என்ன பண்ணுவேன்? நாளைக்கு முதல் வேலை, அந்தத் திரையை மாத்தறேன்."

மின்னல் மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். அவர் நின்று நான் பார்த்ததே குறைவு. எவ்வளவு குட்டையானவர் என்று அன்றுதான் தெரிந்தது.

"எனக்கு ஒண்ணுமே புரியலை ஐயா," என்றார். "எப்படிச் சரியாச்சு?"

"அக்கா, உங்களுக்குப் புரியாம இருக்கிறதுதான் எல்லாருக்கும் நல்லது," என்றார் டிரைவர்.

மின்னல் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "கூட வந்தா கொண்டு போயிடறவங்கதான் ஜாஸ்தி. நான் யாரையும் குத்தம் சொல்லலை. அவங்க எண்ணிக்கூடப் பாத்திருக்க மாட்டாங்க. நீங்க அரை மீசையோட ஓடி வந்தீங்களே. வீட்டுக்குப் போய் அவர்கிட்ட முதல்ல இதைத்தான் சொல்லுவேன். ரொம்ப நாளா நல்ல சேதி எதுவும் கொண்டு போகலை."

எனக்குப் பதில் வரவில்லை. என் வீட்டில் கேட்டுப் பாருங்கள், நடந்ததிலேயே நம்ப முடியாத பகுதி இதுதான்.

அதற்கப்புறம் நன்றி சொல்லும் படலம் ஆரம்பித்தது. மின்னல் டிரைவருக்குச் சொன்னார், டிரைவர் நர்ஸுக்குச் சொன்னார், நர்ஸ் வரிசைக்கே சொன்னார். செல்காரர் வாயிலிருந்த ரொட்டியை விழுங்கிவிட்டு, மதியம் சாப்பிடவில்லை, நல்ல சமயத்தில் கிடைத்தது என்று நர்ஸுக்குச் சொன்னார். மேனேஜர் கைக்குழந்தைக்குச் சொன்னார். யாருக்கு யார் பாக்கி என்று தெரியாமல் எல்லோரும் எல்லோருக்கும் சொல்லி முடிப்பதற்குள் தெருவிளக்கு எரிந்துவிட்டது. எல்லோரையும்விட நான்தான் அதிகம் சொல்ல வேண்டியவன். வாயை மூடிக்கொண்டு ஒரு நல்ல காரியம் செய்கிற வாய்ப்பு இந்த வயதில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அதனால் கடைசி ஆள் போகும்வரை வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

அந்தக் கடையில், திறந்த நாளிலிருந்தே ரொக்கம் வாங்குவது கிடையாது. அட்டை மட்டும்தான்.